உடனிருப்பவர்

"உடனிருப்பவர் யாருங்க? அவங்களும் இதுல ஒரு கையெழுத்துப் போடணும்" என்று பல் டாக்டர் ஒப்புதல் தாளை நீட்டியதும், தனம் சட்டென்று பேனாவை வாங்கிக்கொண்டாள்.

என்ன அவசரம் அவளுக்கு?

என் கூடப்பிறந்த தங்கைதான். ஆனால் ஆறு வருஷமாக என் வீட்டு வாசலை மிதிக்காதவள். என் சம்சாரம் மகள் பிரசவத்துக்குச் சென்னை போயிருக்கும் நேரம் பார்த்து, வாலிகண்டபுரத்திலிருந்து விடிகாலை பஸ் பிடித்து அரியலூர் வந்து இறங்குகிறாள். "பல்லு புடுங்க ஒத்தையிலயா போவ? நான் வரேண்ணே" என்கிறாள்.

சோழியன் குடுமி சும்மா ஆடாது.

எதற்கு ஆடுகிறது என்று எனக்குத் தெரியாதா? கல்லங்குறிச்சிப் பக்கம் இருக்கிற மூணே முக்கால் ஏக்கருக்கு. அதை அப்பா கடைசிக் காலத்தில் என் பெயருக்கே உயில் எழுதி வைத்துவிட்டுப் போனார். அவளுக்கு ஒரு குழி நிலம்கூட இல்லை. அன்றோடு பேச்சு நின்றது. இப்போது பக்கத்துக் காடெல்லாம் சுண்ணாம்புக்கல்லுக்காக விலை போகிறது. உடனே அண்ணன் மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

கன்னம் மாங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. மூன்று நாளாகத் தூக்கமில்லை. சீழ் தாடைக்குள் இறங்குகிறது, இன்னும் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் மணிமொழி சொல்லிவிட்டார்.

போன வாரம் ஈறில் மட்டும் ஊசி போட்டுப் பிடுங்கப் பார்த்தார். நான் அவர் விரலைக் கடித்துவிட்டேன். வேண்டுமென்றா கடித்தேன்? பயம். அந்தக் குறடைப் பார்த்தாலே எனக்கு வாய் தானாக மூடிக்கொள்கிறது. அதனால்தான் பேச்சு மயக்கத்தில் வந்து நின்றது.

டாக்டர் மூன்று வழி சொன்னார்.

ஒரு மணி நேரம் முன்னால் மாத்திரை போட்டுக்கொண்டால் பதற்றம் குறையும்; விரலைக் கடிக்கிற ஆளுக்கு அது பத்தாது. மூக்கில் வைக்கிற வாயு ஒன்று உண்டு, எடுத்த சில நிமிஷத்தில் தெளிந்துவிடும். அதற்குத் திருச்சி போக வேண்டும். மூன்றாவது, கை நரம்பில் ஊசி. அதைப் போடுவதற்கென்றே மயக்க மருந்து டாக்டர் ஒருவர் அடுத்த அறையில் தயாராக இருந்தார்.

"முழுசாத் தூங்கிடுவனா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க, அரைத்தூக்கம்தான். கூப்பிட்டா பதில் சொல்வீங்க, வாயைத் திறங்கன்னா திறப்பீங்க. முடிஞ்சப்புறம் அதுல ஒண்ணுமே ஞாபகம் இருக்காது."

"அதையே போடுங்க டாக்டர். நான் பக்கத்துலயே இருக்கேன்" என்றாள் தனம்.

அடேயப்பா! பக்கத்திலேயே இருக்கிறாளாம்.

வந்ததிலிருந்து மடியில் ஒரு பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்டால் கஞ்சி ஃபிளாஸ்க்காம், பல் பிடுங்கிய பிறகு எனக்குக் கொடுப்பதற்காம். எட்டிப் பார்த்தேன். ஃபிளாஸ்க்தான். சுற்றிலும் செய்தித்தாள். அதற்குள் பத்திரத்தாள் எதுவும் இல்லை என்று யார் கண்டது? நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன், கையெழுத்துப் போடுவேன். ஆனால் மயக்கத்தில் கிடப்பவனுக்குக் கையெழுத்து எதற்கு? கட்டைவிரல் போதும்.

என் வாயோரம் எச்சில் வழிந்தது. தனம் முந்தானையால் துடைக்க வந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

விடுவேனா நான்? டாக்டரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். எவ்வளவு நேரம் அப்படிக் கிடப்பேன்? கண் திறந்திருக்குமா? பக்கத்தில் இருப்பவர் எதைச் சொன்னாலும் சரி சரி என்பேனா? விரலில் மை தடவினால் உறைக்குமா? எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டால் தெளிந்த பிறகு தெரியுமா? 'நீதானே வைத்தாய்' என்று மறுநாள் சொன்னால், ஆமாம் போலிருக்கிறது என்று நம்பிவிடுவேனா?

டாக்டர் சிரித்துவிட்டார்.

"யாருங்க சார் அப்படியெல்லாம் பண்ணுவாங்க? நீங்க கேக்கறதப் பாத்தா, இந்த ஊசி போட்டவங்க பக்கத்துல இருந்து பாத்திருக்கீங்க போல."

தனம்தான் கள்ளமில்லாமல் சொன்னாள்.

"எங்கப்பாவுக்குப் போட்டாங்க டாக்டர். இடுப்பெலும்பு ஒடைஞ்சு திருச்சி ஆஸ்பத்திரியில கெடந்தப்ப. அன்னிக்கி அண்ணந்தான் கூட இருந்துச்சு. அங்க இருக்கறப்பத்தான் அப்பா உயில..."

சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

என் முகத்தையே பார்த்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் கோபப்படவில்லை. ஆறு வருஷமாக அப்பா தன்னை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டார் என்று நினைத்து அழுதவள் அவள்.

"அப்பா அப்ப முழிச்சிருந்தாராண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

"ஊசியெல்லாம் வேணாம் டாக்டர். அப்படியே புடுங்குங்க" என்றேன்.

அப்பாவுக்குக் கண் திறந்துதான் இருந்தது. "தனத்துக்கும் சேத்துத்தானப்பா எழுதியிருக்க?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லித்தான் அவர் விரலைப் பிடித்து உயிலில் வைத்தேன்.