பதினோரு முறை தாமதம்

"இந்த வருஷம் பதினோரு தீ. பதினோரு தடவையும் கடைசியா வந்தது யாரு?"

வருகைப் பதிவேட்டை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டான் நார்மன்.

எல்லோரும் டெல்ஃபீனைத்தான் பார்த்தோம். அவள் தன் கையுறையின் பிரிந்த நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நியூ பிரன்ஸ்விக் கடலோரத்தில் எங்களுடையது சின்ன ஊர். சம்பளத்துக்குத் தீயணைப்பவர்கள் இங்கே கிடையாது. தீயணைப்புக் கூடத்தின் கூரையில் சங்கு ஊதினால், மீன்பிடிப்பவனும் தச்சனும் கடைக்காரனும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வரவேண்டும். டெல்ஃபீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.

பழைய தலைவர் லெயோன்ஸுக்கு முட்டி போய்விட்டதால், புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்க அந்தச் சனிக்கிழமை காலை கூடியிருந்தோம். போட்டியில் இரண்டே பேர்: நார்மனும் டெல்ஃபீனும்.

அவள் தலைவராகக் கூடாது என்பதோடு நார்மன் நிறுத்தவில்லை. குழுவிலிருந்தே பெயரை எடுக்க வேண்டும் என்றான்.

"வீடு எரியுது, இவ பிளாஸ்க்ல காபி ஊத்திக்கிட்டு சாவகாசமா வர்றா. நாம கேட்டோமா காபி?"

"நீதானேப்பா ரெண்டு கப் குடிப்பே," என்றார் லெயோன்ஸ். கூடம் சிரித்தது.

"கொண்டு வந்தா குடிக்கத்தான் செய்வேன். அதுக்காகத் தலைவராக்கிட முடியுமா?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. தீக்கு ஒரு நிமிடம் கொடுத்தால் ஓர் அறையை எடுத்துக்கொள்ளும். நார்மன் எப்போதும் முதல் வண்டியில் ஏறுகிறவன், குழாயின் முனையைப் பிடிக்கிறவன். அவன் அப்பா இருபது வருடம் இங்கே தலைவராக இருந்து இறந்தவர்.

ஆனால் எனக்கு என் கொட்டகை எரிந்த நாள் நினைவுக்கு வந்தது. டெல்ஃபீன் அன்றும் தாமதம்தான். ஆனால் பிளாஸ்கைத் திறந்து முதல் கோப்பையை என் கையில்தான் வைத்தாள். அந்தச் சூட்டைப் பிடித்துக்கொண்டுதான் நான் விழாமல் நின்றேன். எல்லோரும் போன பிறகு குழாய்களைக் கழுவிக் காயப்போட்டதும் அவள்தான். இதைச் சொல்லியிருக்கலாம். கூட்டக் குறிப்பு எழுதுகிறவள்தானே நான் என்று வாயை மூடிக்கொண்டேன்.

காரணம் ஏதாவது இருந்தால் சொல்லிவிடச் சொன்னார் லெயோன்ஸ்.

"ஒண்ணும் இல்லீங்க. லேட்டாத்தான் வந்தேன்," என்றாள்.

வாக்குச்சீட்டுகளைக் கொடுத்தோம். அப்போது மணி பன்னிரண்டு. தலைக்கு மேல் சங்கு அலறியது. மாதத்தின் முதல் சனிக்கிழமை நண்பகலில் அதைச் சோதித்துப் பார்ப்பது வழக்கம். யாரும் அசையவில்லை. டெல்ஃபீன் மட்டும் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"சோதனைச் சங்குதானேம்மா, எங்கே போறே?" என்றார் லெயோன்ஸ்.

"பத்து நிமிஷம். எனக்காகக் காத்திருக்க வேண்டாம், நீங்க ஓட்டுப் போடுங்க."

"நிஜச் சங்குக்கு நேரத்துக்கு வரத் தெரியல, பொய்ச் சங்குக்கு என்னா ஓட்டம் பாரு," என்றான் நார்மன். "எங்கதான் போறான்னு இன்னிக்குப் பாத்துடறேன்." அவனும் தன் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனான்.

அங்கே நடந்ததைப் பிறகு அவனே எங்களிடம் சொன்னான்.

டெல்ஃபீனின் வண்டி அவன் வீட்டு வாசலில் நின்றிருந்தது.

சமையலறை அடுப்பில் பெரிய கெட்டிலில் காபி கொதித்துப் பொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே கொடியில் அவன் அப்பாவின் பழைய கம்பளிக் கையுறைகள், விரல்கள் அடுப்பைத் தொடுகிற மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. டெல்ஃபீன் அடுப்பை அணைத்தாள். கையுறைகளை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

படுக்கையறையிலிருந்து மெல்ல நடந்து வந்தாள் அவன் அம்மா ஒடீல்.

"சங்கு ஊதிடுச்சே கண்ணு. பசங்க குளிர்ல நிப்பாங்களே."

கணவர் தலைவராக இருந்தவரை, சங்கு ஊதியதும் குழுவுக்குக் காபி வைத்தவள் அவள். அவர் போய்விட்டார், பழக்கம் போகவில்லை. இப்போதெல்லாம் கெட்டிலை ஏற்றுகிற வரைக்கும்தான் நினைவு. பிறகு போய்ப் படுத்துவிடுகிறாள். நிஜச் சங்கு ஊதியதுமே நார்மன் ஓடிவிடுவான், சோதனைச் சனிக்கிழமைகளில் கூடத்தில்தான் இருப்பான்; அதனால் அவனுக்கு இது தெரியாது.

"நல்லா வந்திருக்கும்மா. நான் கொண்டு போய்க் குடுத்துடறேன்," என்று பிளாஸ்கில் ஊற்றினாள் டெல்ஃபீன்.

"என் பையன் குடிக்கிறானா?"

"ரெண்டு கப்."

நார்மன் கதவோரம் நின்றிருந்தான். ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டான்.

"ஒரு தடவை சங்கு ஊதினப்போ உன் வீட்டு ஜன்னல்ல புகையைப் பாத்துட்டுத்தான் உள்ளே வந்தேன். சொல்லியிருந்தா அடுத்த சங்குக்கு நீ வீட்டை விட்டு வந்திருக்க மாட்டே," என்றாள் அவள். "குழாய் முனையைப் பிடிக்க உன்னை மாதிரி நமக்கு வேற ஆள் இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவங்களுக்கும் இந்த ஒரு வேலையாவது இருக்கட்டும்," என்றாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது பிளாஸ்க் நார்மனின் கையில் இருந்தது. வரிசையாக ஒவ்வொருவருக்கும் ஊற்றிக் கொடுத்தான். தனக்குக் கடைசியாக, அடியில் மிஞ்சிய அரைக் கோப்பை. ஒன்றும் புரியாமல் நாங்கள் குடித்தோம். அம்மா போட்ட காபி அது என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னான்.

பிறகு தன் வாக்குச்சீட்டில் டெல்ஃபீனின் பெயரை எழுதிப் பெட்டியில் போட்டான். பதிவேட்டை என் பக்கம் தள்ளினான்.

"காலையில நான் வாசிச்சது தப்பு, திருத்தி எழுதுங்க. இந்த வருஷம் பதினோரு தீ இல்ல, இருபத்திரண்டு. பாதி என் வீட்டுல பத்தியிருக்க வேண்டியது. அந்தப் பதினொண்ணுக்கும் முதல் ஆளாப் போனது அவ."