மரக்காணத்தில் நின்ற கார்

சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்குத் திரும்பும்போது மணிவேல் எப்போதும் திண்டிவனம் ஹைவேயில்தான் வருவான். அன்றைக்கு என்னவோ, கடலோர ரோட்டில் காரைத் திருப்பிவிட்டான். வேங்கிக்கால் வீட்டில் மகள் கவிநிலா மூன்று நாளாக ஜுரத்தில் கிடந்தாள். ரெண்டு மணிக்குள் வந்துவிடுவதாக மனைவி ரேவதியிடம் சொல்லியிருந்தான். ஆனாலும் மரக்காணத்தில் உப்பளத்தின் வெள்ளைக் குவியல்களைப் பார்த்ததும் இறங்கி, நேரம் போனதே தெரியாமல் நின்றுவிட்டான். மணி மூன்றானதைப் பார்த்ததும் உடனே வீட்டுக்குப் போன் போட்டான்.

"ஹலோ, யாருங்க பேசறது?" என்றாள் ரேவதி.

"நான்தான். லேட்டாயிடுச்சு. பாப்பாவுக்கு எப்படி இருக்கு?"

"சார், நீங்க பேசறது எங்க வீட்டுக்காரரு போன்ல. எங்க விட்டுட்டு வந்தாருன்னு அவருக்கே தெரியல. உங்களுக்கு எப்படிக் கெடச்சுது?"

"ரேவதி, நான் மணிவேல். மரக்காணத்துல இருக்கேன்."

அவள் பக்கத்தில் இருந்த யாரிடமோ சொன்னாள்: "ஏங்க, இந்தாளு என்னென்னமோ பேசறாரு. நீங்களே கேளுங்க."

"சொல்லுங்க சார்," என்றது ஓர் ஆண் குரல். அது மணிவேலின் குரல். "மரக்காணமா? நான் அந்தப் பக்கம் வரவே இல்லியே. ஹைவேயிலதான் வந்தேன். ஒரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துட்டேன்."

மணிவேல் திரும்பிப் பார்த்தான். கார் அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அதன் மேல் கை வைத்துப் பார்த்துக்கொண்டான்.

போனில் கவிநிலாவின் சோர்ந்த குரல் கேட்டது. "யாருப்பா?"

"தெரியலம்மா," என்றது அந்தக் குரல். "நீ கஞ்சியக் குடி."