கல்லுக்கு ஓய்வு

மேட்டைப் பார்த்தபடி சரிவுத் தெருவில் பழைய வேன் நிற்கிறது. ஸ்டியரிங்கில் அவள். பின்சக்கரத்தருகே, இரண்டு கைகளிலும் கருங்கல்லை ஏந்திக்கொண்டு அவள் கணவன். ஆறு வருடமாக அந்தக் கல்தான் இந்த வேனுக்கு ஹேண்ட் பிரேக். போன வாரம் கல் வைக்க மறந்ததில் வேன் தானாக இறங்கிப்போய் எதிர்வீட்டுக் கேட்டைப் பெயர்த்துவிட்டது. ஹேண்ட் பிரேக்கின் பிடி தளர்ந்தபோதெல்லாம் அதன் லிவருக்கு அடியிலுள்ள நட்டையே இருவரும் முறுக்கிக்கொண்டிருந்தார்கள். இன்று காலைதான் அவள் வண்டிக்கு அடியில் படுத்து, உறைக்குள் துருவேறி இறுகிக் கிடந்த பிரேக் கேபிளை உருவி எறிந்து புதிது மாட்டினாள். புதுக் கேபிளின் கிரீஸ் அவள் காதோரம் வெயிலில் மினுங்குகிறது. லிவரை இழுக்கிறாள். கடகடவென்று ஐந்து பல் ஏறி நிற்கிறது. "கியர்லயாவது போட்டுக்கோம்மா, எதுக்கு வம்பு?" என்கிறான் அவன். "நியூட்ரல்லதான் இருக்கு. பிரேக்லேருந்து காலையும் எடுத்துட்டேன்." சக்கரம் ஒரு விரற்கடைகூட உருளவில்லை. அவன் கல்லோடு குனிந்தே நிற்கிறான். "இன்னும் என்னங்க அதைக் கொஞ்சிக்கிட்டு? கீழ போடுங்க!" கல் தொப்பென்று விழுகிறது. அவள் இறங்கி, கதவை வேண்டுமென்றே ஓங்கிச் சாத்துகிறாள். வேன் அசையவில்லை. கல்லைக் காலால் புரட்டி வேனுக்கு நேர் பின்னால் தள்ளி, வேனுக்கு முதுகைக் காட்டியபடி, அதன்மேல் கால்மேல் கால் போட்டு உட்காருகிறாள்.