கால் இன்ச்

"கால் இன்ச்னா கால் இன்ச்தான். ஒரு இழை கூடவும் கூடாது, குறையவும் கூடாது," என்றாள் அண்ணி, தையல் மெஷினில் ஊசிக்கு வலப்பக்கம் நீல டேப் பட்டியை ஒட்டிக்கொண்டே.

"முப்பது வருஷமா இதே பாட்டு. காப்பிக்குச் சர்க்கரை போட்டாலும் ஸ்கேல் வச்சுப் பார்க்கிற ஆளு நீங்க," என்றாள் நாத்தனார்.

"நீ போடுற சர்க்கரைக்கு எறும்பே முகம் சுளிக்குது. பேசாம இஸ்திரி போடு."

அண்ணி வரைபட ஆபீஸில் கோடு போட்டே ஓய்வு பெற்றவள். நாத்தனார் கல்யாணமே வேண்டாம் என்று அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டவள். அண்ணன் போய் ஆறு வருஷம் ஆயிற்று. இந்த வீட்டில் இரண்டு பேரும் எலியும் பூனையும் என்றுதான் உறவுக்காரர்கள் நினைத்தார்கள். அவர்கள் நினைப்பதற்கு வஞ்சனை இல்லாமல் இருவரும் தினமும் சண்டை போட்டார்கள்.

இரண்டு மாதம் முன்னால் அண்ணியின் மகன் போன் செய்தான். "அம்மா, குழந்தை பிறக்கிறதுக்குள்ள நீ இங்கேயே வந்துடு. இனிமே எங்களோடதான்."

"பேரப்பிள்ளைக்குத்தான்டா போர்வை தைச்சுக்கிட்டிருக்கேன். ரெண்டு வரிசை ஆச்சு, இன்னும் ஆறு இருக்கு. அது முடிஞ்ச மறுநாள் வரேன்," என்றாள் அண்ணி.

"தாராளமா போங்க. ரேடியோவாவது என் கைக்கு வரும்," என்றாள் நாத்தனார். அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பது வேறு விஷயம்.

துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கிற போர்வையில் கணக்கு தப்பவே கூடாது. துணிக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்கி, ஒரே ஸ்கேலை வைத்து வெட்டி, ஒன்பது சதுரம் சேர்த்தால் ஒரு கட்டம். துணியின் ஓரம் அந்த நீலப் பட்டியை உரசிக்கொண்டே ஓடினால் எல்லாத் தையலும் ஓரத்திலிருந்து கால் இன்ச் தள்ளி விழும். பட்டி ஒரு இழை நகர்ந்தால் போச்சு. ஒவ்வொரு தையலிலும் அந்த இழை சேர்ந்துகொண்டே போய், வரிசை முடிகிறபோது மேல் வரிசையின் மூலையும் கீழ் வரிசையின் மூலையும் ஒன்றையொன்று பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்புறம் வரிசை முழுவதையும் பிரிக்க வேண்டும். அது அண்ணி போட்ட சட்டம்.

நாத்தனார் அந்தச் சட்டத்தைத்தான் பிடித்துக்கொண்டாள். தினமும் மத்தியானம் அண்ணி ஸ்கேல் வைத்துப் பார்த்துப் புதுப் பட்டி ஒட்டிவிட்டு முகம் கழுவப் போவாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் நாத்தனார் எழுந்து, நகத்தால் பட்டியை ஒரே ஒரு இழை வலப்பக்கம் நகர்த்தி அழுத்திவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல இஸ்திரிப் பெட்டியிடம் வந்துவிடுவாள். சாயங்காலம் பட்டியைப் பிய்த்துப் போடுவதும் அவள்தான்.

மெஷின் ஓடும். ஜன்னல் திரை மெல்ல உப்பும், தணியும். வெயில் தரையில் நகர்ந்து, நீலத் துண்டிலிருந்து மஞ்சள் துண்டுக்குப் போகும். கஞ்சி வாசனையில் நாத்தனாருக்குக் கண் சொக்கும். அந்தப் பாதித் தூக்கத்தில் போர்வை வளரும். மேஜையைத் தாண்டி, வாசல் படி இறங்கி, தெருவில் விரிந்து, பக்கத்து வீட்டுச் சைக்கிளையும் மூடிக்கொண்டு போகும். அண்ணி தைத்துக்கொண்டே இருப்பாள், இவள் இஸ்திரி போட்டுக்கொண்டே இருப்பாள். யாரும் எங்கேயும் போக வேண்டியதில்லை.

"ஆறரை இன்ச்," என்ற அண்ணியின் குரலில் விழித்துக்கொள்வாள். "மறுபடியும் சரியா ஆறரை." அண்ணி கட்டத்தின் மேல் ஸ்கேலை வைத்தபடி நீளமாகப் பெருமூச்சு விடுவாள். எவ்வளவு பெருமை பாரேன் என்று நாத்தனார் மனதுக்குள் கறுவுவாள்.

என்ன மாயமோ, ஒரு கட்டம்கூடப் பிசகவில்லை. கோடு போட்டே பழகிய கை, பட்டியை நம்பாமல் தானே திருத்திக்கொள்கிறது போலிருக்கிறது. மூன்றாவது வரிசை, நாலாவது, ஐந்தாவது. மூலைகள் எல்லாம் கச்சிதமாக முட்டிக்கொண்டன. ஒரு தையலைக்கூடப் பிரிக்கவில்லை.

எட்டாவது வரிசையும் முடிந்தது. அண்ணி போர்வையைக் கட்டிலில் விரித்தாள். நாலு பக்கமும் அளந்தாள். இன்னொரு தரம் அளந்தாள். பிறகு போனைக் கையில் எடுத்துக்கொண்டு, எண்ணை அழுத்தாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"முடிஞ்சுதுன்னு சொல்லணும் அவன்கிட்ட," என்றாள்.

நாத்தனாரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "போகாதீங்க அண்ணி. நீங்க போயிட்டா நான் யார்கூடச் சண்டை போடுவேன்? இந்த வீட்டுல எனக்கு நீங்க வேணும்."

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு திருட்டுத்தனம் பண்ணிட்டேன். நீங்க முகம் கழுவப் போறப்போ எல்லாம் பட்டியை நகர்த்தி வச்சேன். தினமும். தப்பாப் போய், பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சுக்கிட்டே இருப்பீங்கன்னு பார்த்தேன். உங்க கை என்னை ஜெயிச்சிடுச்சு."

அண்ணி போனைக் கீழே வைத்தாள். "எந்தப் பக்கம் நகர்த்தினே?"

"வலப்பக்கம். ஒரே ஒரு இழை."

அண்ணி போர்வையில் கச்சிதமாக முட்டியிருந்த ஒரு மூலையை விரலால் தடவினாள். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது.

"அடிப்பாவி, இது முடியவே கூடாதுன்னுதானே நான் தினமும் பட்டியை ஒரு இழை இடப்பக்கம் தள்ளி ஒட்டினேன்."