சாட்சிக் கைநாட்டு

மலையடிவாரத்தில் மலசர் பழங்குடியினர் குடியிருக்கும் பதியில் கடைசிக் குடிசைக் கதவைத் தட்டினாள், வேலைக்குப் புதிதாக வந்திருந்த நர்ஸ் எஸ்தர்.

"ஏனுங்க, நஞ்சி இருக்கறாங்களா? மஞ்சக்காமாலைக்கு ரெண்டாவது தடுப்பூசி போடோணுமுங்க."

கதவு நான்கு விரல் அகலம் திறந்தது. உள்ளே ஒரே இருட்டு. பெண் குரல் மட்டும் வந்தது.

"நஞ்சி செத்துப்போயிட்டாளுங்க."

"அய்யோ, எப்பங்க?"

"போன மாசம் அவளத் தேடி உங்க ஜீப்பு வந்துச்சுல்லங்க? எய்ட்ஸ் ஆஸ்பத்திரி ஜீப்புன்னு பதிக்கே தெரிஞ்சுபோச்சு. அப்புறம் அவளக் குழாயில தண்ணி புடிக்கவே உடலீங்க. அன்னைக்கே செத்துட்டா."

எஸ்தர் நோட்டில் நஞ்சியின் பெயருக்கு நேராக 'இறப்பு' என்று எழுதினாள். மைப்பெட்டியைத் திறந்து நீட்டினாள்.

"சாட்சிக்கு ஒரு கைநாட்டு வைங்க. இனிமே நாங்க வரமாட்டோம்."

"நெசமா வரமாட்டீங்கல்ல?"

இருட்டிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டது. கட்டை விரலை அழுத்தியதும் உள்ளே போய்விட்டது. கதவு சாத்திக்கொண்டது.

ஜீப்பில் ஏறியதும் எஸ்தர் மை காய்ந்துவிட்டதா என்று நோட்டைப் பிரித்தாள்.

முதல் ஊசிக்கு நஞ்சி வைத்திருந்த ரேகையின் குறுக்கே அரிவாள் வெட்டுத் தழும்பு ஒன்று கோடாக ஓடியது.

பக்கத்தில், ஈரம் காயாத சாட்சியின் ரேகை. அதிலும் அதே கோடு.