கடைசிக் கட்டியில் ஓர் எறும்பு

காசிமேட்டு மணலில், படகின் பலகை இடுக்குகளை அடைக்க அம்மா குங்கிலியப் பிசின் காய்ச்சுகிறாள். இன்னும் ஒரு சாண் இடுக்கு பாக்கி. ரங்கூனிலிருந்து வந்த பிசின் மூட்டையின் கடைசிக் கட்டியை உடைக்க நைனா சுத்தியலை ஓங்குகிறார். வெயில் புகுந்து கட்டி தேனாய் ஒளிர்கிறது. நடுவில் ஓர் எறும்பு. நைனாவின் கையைப் பிடித்துக்கொள்கிறேன். "எறும்புக்கா? வூட்ல சக்கர டப்பா பூரா கீது, எடுத்துக்கோ!" என்கிறார். நான் கத்துகிறேன், எனக்குப் பேச வருவதே அப்படித்தான். பி.எஸ்ஸி.யில் பூச்சிகளைப் படித்தவள் சொல்கிறேன், கொம்பாய்த் தாடை வளைந்த இந்த எறும்பு வகை அழிந்து பல கோடி வருஷமாகிறது, இந்தக் கட்டியும் மண்ணுக்கடியில் கல்லாகிப்போன அந்தக் காலத்துப் பிசின். "ஒண்ணுகூடவா இல்ல?" அம்மா கிண்டுவதை விட்டுவிட்டுக் கட்டியை வாங்கி முந்தானையால் துடைக்கிறாள். நைனா இடுக்கைப் பார்க்கிறார், கடலைப் பார்க்கிறார். பிறகு இடுக்கில் கந்தலைத் திணித்துவிட்டு, தண்ணீர் இறைக்க ஒரு தகர டப்பாவைப் படகுக்குள் எறிகிறார். "உனக்கோசரம் நாளைக்குக் கடல்ல தண்ணி மொண்டுகினே கெடக்கணும்டா," என்று எறும்பிடம் உறுமுகிறார். "டா போடாத நைனா, அது பொட்ட எறும்பு. ஓடியாடி வேலை செய்றதெல்லாம் பொட்டதான்." நைனா எறும்பையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார். "அதான பார்த்தேன். செத்தும் புடிச்ச புடிய வுடாம கீது."