மக்டலீனின் அடைக்கோழி

"பிள்ளை, அந்தக் கோழியைத் தாவன். இவருக்கு ஒரு சூப்பு வைச்சுக் குடுக்கவேணும்," என்றாள் யோசப்பின்.

ஆஸ்பத்திரியில் கிடக்கும் அவள் கணவன் லியோனின் காலில் திருக்கை முள் குத்திய புண் எந்த ஊசிக்கும் கேட்கவில்லை. நாளை மறுநாள் அந்தக் காலை வெட்டி எடுப்பதாக டொக்டர் சொல்லியிருந்தார்.

பக்கத்து வீட்டு மக்டலீன், மருந்துக்கு அடங்காத கிருமிகளை ஆராய்பவள். "அது அடையிலை கிடக்குது அக்கா. நாளைக்கு விடியத் தாறன்."

"காலமைதானே அடை வைச்சனீ? நாளைக்கே பொரிச்சிடுமோ?"

"இப்ப எழுப்பேலாது அக்கா."

தர மனமில்லாதவள் சொல்லும் சாட்டு என்று யோசப்பின் மனம் வெறுத்துத் திரும்பினாள்.

விடிந்ததும் மக்டலீனே கூப்பிட்டுக் கோழியைத் தூக்கிக் காட்டினாள். வைக்கோலில் முட்டை ஒன்றும் இல்லை. இறுக மூடிய ஐந்து கண்ணாடிக் குழாய்கள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் லியோனின் பெயரும் ஒரு மருந்தின் பெயரும்.

"கரண்ட் இல்லாமல் ஆய்வுகூடத்துச் சூட்டுப்பெட்டி மூண்டு வருசமாய்ச் சும்மா கிடக்குது. அண்ணையின்ரை புண்ணிலை எடுத்த கிருமி வளரக் கோழியின்ரை சூடே காணும். நாலு குழாயிலை கிருமி வளந்து கலங்கிப்போச்சு. இது மட்டும் தெளிவாய் இருக்குது. அண்ணையின்ரை கிருமி இந்த மருந்துக்குத்தான் அடங்குது. இப்பவே டொக்டரிட்டைப் போறன், கால் தப்பும். நீங்கள் கோழியைக் கொண்டு போங்கோ."

யோசப்பின் கோழியை வாங்கினாள். மெல்ல அதை வைக்கோலிலேயே திரும்ப இருத்தினாள்.

"பக்கத்துக் கட்டில்காரனுக்கும் புண் ஆறேல்லை, பிள்ளை," என்றாள்.